நகருக்கு நீர் தந்த நாவலர்

வழக்கறிஞர் தொழிலைப் பற்றி நாட்டு மக்கள் கொண்டுள்ள எண்ணம் பெரும்பாலும் உயர்ந்ததன்று. பொருள் கொடுத்தவன் பக்கம் நின்று, பகலை இரவென்றும் இரவைப் பகலென்றும் நாட்ட வல்லவரே வழக்கறிஞர் என்று ஏளனம் செய்வார் பலர். அக்கூற்றில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்லுதற்கில்லை. ஆயினும், நம் நாட்டு விடுதலைப் போரின் வரலாற்றைக் கற்போர்க்கு மற்றோர் உண்மையும் புலனாகும். அப்போரின் முன்னணியில் நின்றாருள் மிகப் பலர் சட்டம் பயின்றவரே ஆவர். காந்தியடிகள் வழக்கறிஞர். மோதிலால் நேருவும் சித்தரஞ்சன் தாசரும் வழக்கறிஞர். தமிழகத்தில் சேலம் விசயராகவாச்சாரியாரும், கப்பலோட்டிய சிதம்பரனாரும், இராசாசியும் அத்தொழிலினின்று வந்தவரே. ஆள்வோர் கையில் சட்டம் ஒரு பூட்டு. பூட்டின் உள்ளமைப்பை அறிந்தவரே அதனைத் திறக்க வல்லவர் ஆகின்றனர்.

அவ்வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர் பெயரைக் கேட்டவுடன் அவருடைய மேடைப் பேச்சினையே பலரும் நினைவு கூர்வர். கடற்கரை மணலில் பல்லாயிரவர் திரண்டிருக்க, முழங்கிய குரல் அது என்பர். அது மெய்யே. ஆனால் பேச்சு, பேசிய அளவில் காற்றோடு கலந்து போவது. கேட்டவர் மறைந்தபின் அதன் சுவையை எடுத்துரைப்பார் யார்? அவருடைய வாழ்வில் நிலைத்து நிற்பது, சென்னை மாநகரின் தலைவராக அவர் இருந்த அந்த ஓராண்டுக் காலத்துச் செயலே ஆகும். அவரைப் போற்ற விரும்புவோர் அதனையே முதற்கண் போற்றுதல் வேண்டும்.

சத்தியமூர்த்தி 1887 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19 ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். குன்றின்மேற் கோட்டையும், பாறையைக் குடைந்தெடுத்த கோயில்களும் உடைய பழம்பதி அது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர்ச் சட்டக் கல்லூரியிலும் கற்றுத் தேறினார். புகழ்பெற்ற வழக்கறிஞராகிய எஸ். சீனிவாச ஐயங்காரிடம் தொழில் பயின்றார். வடமொழியிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் ஒருங்கே வல்லவராகிய அவர், தொழிலையே கருதி உழைத்திருப்பின் பெரும்பொருள் ஈட்டியிருத்தல் கூடும். சட்டமோ தன்னையன்றிப் பிறிதொன்றை நாடுவார்க்குச் செல்வம் தருவதில்லை. அவர் நாடியது நாட்டின் விடுதலை. நாடகத்திலும் இசையிலும் அவர்க்கு இருந்த ஈடுபாடு பெரிது. சுகுண விலாச சபையின் மேடையில் அவர் வேடம் புனைந்து நடித்ததும் உண்டு.

வழக்குமன்றத்தில் பயன்படாத அவரது வாதத்திறம் சட்டமன்றத்தில் பயன்பட்டது. 1923 ஆம் ஆண்டில் அவர் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினரானார். அந்நாளில் மக்கள் பேராளர்க்கு இருந்த அதிகாரம் மிகக் குறைவு. அரசினரை நீக்கவோ ஆணையிடவோ அவர்களால் இயலாது. ஆயின், கேள்வி கேட்கும் உரிமை மட்டும் இருந்தது. கேட்ட கேள்விக்கு அரசினர் விடை கூறியே தீரவேண்டும். அவ்விடையினின்றே மற்றொரு வினா. அதற்குரிய விடையினின்று இன்னுமொன்று. இவ்வாறு படிப்படியாகச் சென்று, மறைக்க எண்ணியதை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்வது குறுக்கு விசாரணை பயின்றார்க்குக் கைவந்த கலை. அக்கலையிற் சத்தியமூர்த்தியை விஞ்சினார் அரியர்.

1928 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது ஒன்றைத் தமிழ் கற்கும் மாணவர் மறத்தல் கூடாது. பாரதியார் மறைந்து ஏழாண்டுகள் கழிந்திருந்தன. அவருடைய பாடல்களைப் பருமா அரசினர் தடை செய்தனர். அதனைப் பின்பற்றிச் சென்னையிலும் காவலர் அந்நூல்களைக் கைப்பற்றினர். பாடியவர் உயிரோடில்லை, தம் பாட்டிற்காகப் பரிந்து பேச அவர் வர இயலாது. அவ்வழக்கினைச் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் எடுத்து வாதாடினார். வழக்கு இட்டவர் இல்லை, கூலி தருவார் இல்லை. ஒரு மொழியின் பாட்டே அவருடைய கட்சிக்காரர். வழக்கறிஞர் தொழிலை ஏளனம் செய்வோர் இதனையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

1934 ஆம் ஆண்டில் மத்திய சட்டசபைக்கு நடந்த தேர்தலில், சென்னை நகர்த் தொகுதியில், பெரும்புகழ் வாய்ந்த ஏ. இராமசாமி முதலியாரை அவர் வென்றார். தில்லியிற் காங்கிரசுக் கட்சியின் முன்னணிப் பேச்சாளராக விளங்கினார். எனினும், 1937 ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற் காங்கிரசு அமைச்சரவை அமைந்தபோது அவர்க்கு அதில் இடமில்லை. அத்தகைய ஏமாற்றத்திற்குப்பின் மனங்கசந்து ஒதுங்கியிருப்பார் உலகில் மிகப் பலர். அவரோ, இரண்டாண்டுகள் கழித்து, அதிகாரம் மிகச் சிறிதாகவும் அலங்காரம் மிகப் பெரிதாகவும் இருந்த ஒரு பதவியை ஏற்றார். அதுவே மேயர் என்னும் பதவி.

சென்னையில் மேயர் பதவி 1933 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மாநகராட்சி மன்றத்தார் ஆண்டுதோறும் தம்முள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். அவர் பொன்மாலை போன்ற பதக்கம் பூண்டு மன்றத்தில் தலைமை தாங்குவார், விருந்தினரை வரவேற்பார், விழாக்களில் முன்னிற்பார். செயலாற்றும் அதிகாரம் முழுவதும் அரசினர் அமர்த்திய ஆணையரிடமே இருந்தது. ஓராண்டு முடிந்தவுடன் பதவியும் முடியும். இத்தகைய இருக்கையில் அமர்ந்தவர் பெரும்பணி ஒன்றைத் தொடங்கி வைத்தார் என்றால், அஃது அதிகாரத்தால் நிகழ்ந்ததாதல் இயலாது. சொல்லின் வலியால் நிகழ்ந்ததாகவே இருத்தல் வேண்டும்.

அப்பணி யாது? 1939 ஆம் ஆண்டில் அவர் மேயரானபோது நகரம் கடுந்தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடிற்று. சென்னையின் இயற்கை அமைப்பே அவ்வாறானது. கூவமும் அடையாறும் நகரினூடே ஓடினும் பருகுதற்கு உதவா. ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு அருகில் ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்களிற் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை நம்பியே நகரம் வாழவேண்டும். அம்மழையோ, சில ஆண்டுகளில் வெள்ளமாய்க் கொட்டும். சில ஆண்டுகளிற் பொய்த்துப் போகும். நகருக்கு வடமேற்கே கொசத்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு ஒன்று இருந்தது. அங்கு நீரைத் திருப்பிச் சோழவரம் ஏரிக்கும், அதிலிருந்து செங்குன்றம் ஏரிக்கும் கொண்டுசென்று, பின்னர்க் கீழ்ப்பாக்கத்தில் தூய்மை செய்து வீடுதோறும் வழங்கினர். அவ்வேற்பாடு ஒரு சிறு நகருக்குப் போதும். 1931 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ ஆறரை இலட்சமாக இருந்த மக்கள் தொகை, 1941 இல் ஏழே முக்கால் இலட்சத்தை எட்டிற்று. பத்தாண்டுகளில் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட வாய்கள் பெருகின, ஏரிகளோ பெருகவில்லை.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. கொசத்தலையாற்றில் நீரே இல்லாமற் போகவில்லை. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகி வரும்பொழுது தாமரைப்பாக்கத்து அணைக்கட்டால் அதனைத் தேக்கி வைத்தல் இயலாது. கால்வாய் கொண்டது போக எஞ்சியது அணையைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து கடலிற் கலந்தது. கார்த்திகையிற் கடலுக்கு விட்ட நீரை நினைந்து சித்திரையிற் குடத்தோடு ஏங்கியது நகரம். இதற்குத் தீர்வு, அணைக்கட்டிற்கு மேற்புறமாக ஆற்றின் குறுக்கே கரை எழுப்பி, வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திப் பின்னர் வேண்டும் அளவு திறந்து விடுதலே. அதற்குரிய இடமாக அமைந்தது திருவள்ளூரை அடுத்த பூண்டி.

இடத்தைக் காண்பதும் அளவு எடுப்பதும் பொறியாளர் பணி. அவர்கள் அதனைச் செம்மையாகச் செய்வர். ஆயின், பொருளைத் தருவார் யார்? ஏறத்தாழ 65 இலட்சம் ரூபாய் வேண்டியிருந்தது. அந்நாளில் அது மிகப் பெருந்தொகை. காலமும் தகுந்ததாக இல்லை. 1939 செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவைகள் அக்டோபரில் பதவி துறந்தன. சென்னை மாகாணம் ஆங்கில ஆளுநரின் நேராட்சிக்கு உள்ளாயிற்று. காங்கிரசுக்காரராகிய மேயர், தம் கட்சி எதிர்த்து நின்ற அவ்வாட்சியினிடமே சென்று அணைக்கு இசைவு பெறவேண்டிய நிலை ஏற்பட்டது.

இங்கே ஒரு வினா எழும். அன்னிய ஆட்சியை ஒழிக்க முனைந்தவர் அவ்வாட்சியின் வாயிலில் நின்று ஒன்றை வேண்டுதல் தகுமோ? தன்மானம் மிக்க இளைஞர்க்கு இது தகாது என்றே தோன்றும். அவ்வெண்ணத்தைப் பழித்தல் ஆகாது. நாட்டுப்பற்றின் கண் அது பிறந்ததே. ஆனால், வேண்டப்பட்டது பட்டமும் பதவியும் அன்று, தண்ணீர். அதுவும் மக்கள் செலுத்திய வரிப்பணத்தைக் கொண்டு மக்களுக்கே தரவேண்டிய தண்ணீர். இரப்போன் தனக்குரியதல்லாத ஒன்றைக் கேட்கின்றான். வழக்கறிஞனோ உரிமையைக் கேட்கின்றான். ஒரே வாயிலில் இருவரும் நின்றாலும் இருவர் நிலையும் வேறு. எதிர்க்கட்சியின் வழக்கறிஞரோடு மன்றத்திற் கடும்போர் புரிந்துவிட்டு, தம்மை நம்பி வந்தவர்க்கு நன்மை விளையுமாயின் அவரோடு அமர்ந்து பேசுவதும் அத்தொழிலார்க்கு இயல்பு. விடுதலை வரும் நாள்வரை நாவறண்டு காத்திருங்கள் என்று ஏழே முக்கால் இலட்சம் மக்களிடம் எவரேனும் சொல்லுதல் கூடுமோ? விடுதலைக்கு 1947 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சத்தியமூர்த்தி காத்திருக்கவில்லை. போர்க்கால நெருக்கடியைக் காட்டித் தள்ளிப்போட இடங்கொடாது அரசினரை இணங்கச் செய்தார். 1940 ஆம் ஆண்டில் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஓராண்டே நீடிக்கும் பதவியில், ஆணையிடும் அதிகாரம் இல்லாத ஒருவர், பகையாட்சியிடமிருந்து, போர் நடக்கும் காலத்திற் பெற்றது இது.

நீர்நிலை காண்பதனைத் தமிழர் எப்பொழுதும் அரசர்க்குரிய தலையாய அறமாகக் கொண்டனர். புறநானூற்றிலே குடபுலவியனார் என்னும் புலவர் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு ஓர் அறிவுரை கூறுகின்றார். மறுமையில் இன்பமும், இம்மையில் வெற்றியும், அழியாப் புகழும் வேண்டுமாயின் பள்ளங்கண்ட இடமெல்லாம் நீரைத் தேக்குக என்பது அதன் கருத்து. போரில் வல்லவனாகிய வேந்தனைப் பார்த்துப் புலவர் சொன்னது அது. மாமன்னர் தம் ஆணையாற் செய்வித்ததை, மகுடம் இல்லாத ஒரு நகரத் தலைவர் தம் நாவினாற் செய்வித்தார். முன்னோர் கண்ட ஏரிகளிலே வேலையாள் தொகையும் வேந்தன் பெயரும் கல்லிற் பொறிக்கப்பெற்றிருக்கும். பேசிப் பெற்ற ஏரிக்கு அத்தகைய சான்று எளிதிற் கிட்டுவதில்லை. ஆதலின் அதனைப் பாடநூல்களேனும் பொறித்து வைத்தல் வேண்டும்.

இவ்வளவு கூறியபின், அவர் புகழுக்கு மாறாக ஒன்றைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. தேவதாசி முறையை ஒழித்தற்கு மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் சென்னைச் சட்டமன்றத்திற் பெருமுயற்சி செய்தார். இந்தியாவிற் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் பெண்மணி அவர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தால் விளைந்த துன்பத்தை அவர் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவரல்லர். அக்குலத்துத் தாயின் மகளாகப் பிறந்து நேரில் அறிந்தவர். அவர் கொண்டுவந்த சட்டத்தைச் சத்தியமூர்த்தி எதிர்த்து நின்றார். மரபினையும் கோயிற் கலைகளையும் காத்தற்பொருட்டு எதிர்த்தார் என்று அவர் பக்கம் நின்று சொல்லுவார் உளர். கலையிடத்து அவர் கொண்ட பற்று மெய்யானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், கலையைக் காத்தற்குச் சிறுமியின் வாழ்வை விலையாகக் கொடுக்க வேண்டுவதில்லை. பரதக் கலை அம்முறை ஒழிந்தபின்னும் அழியாது வாழ்கின்றது. அவருடைய அச்சம் பொருளற்றது என்பதற்கு அதுவே சான்று. அச்சட்டம் அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் சென்றபின், 1947 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அம்மையார் பக்கமே அறம் நின்றது. அவர் பக்கம் நிற்கவில்லை.

பாரதியார் பாட்டிற்காக வாதாடியதும் அந்த நாவே; பூண்டிக்காகப் பேசியதும் அந்த நாவே; அம்மையாரை மறுத்ததும் அந்த நாவே. அவரைப் பாராட்டிப் பேசுவோர் சிலர் மூன்றாவதை மறைத்து விடுகின்றனர். அவரைக் குறை கூறுவோர் சிலர் முதலிரண்டையும் மறந்து விடுகின்றனர். இரு திறத்தாரும் அவரை முழுமையாக அறிந்தவரல்லர்.

மனிதரை மதிப்பிடுவதில் அவர் வல்லவர் என்பதற்குக் காமராசரே சான்று. உயர்கல்வி பெறாத, ஆங்கிலம் பேசிப் பழகாத விருதுநகர்த் தொண்டர் ஒருவரிடம் தலைவராதற்குரிய பண்பு உண்டென்று கண்டவர் சத்தியமூர்த்தி. 1936 ஆம் ஆண்டில் தாம் மாகாணக் காங்கிரசுத் தலைவரானபோது காமராசரைச் செயலாளராக உடன்கொண்டார். 1940 இல் காமராசர் தலைவரானார். அவர்க்குக் கீழ்ச் செயலாளராக இருக்கச் சத்தியமூர்த்தி இசைந்தார். குருவே தொண்டனின் கீழ் நின்று பணியாற்றியது அரசியல் உலகில் அடிக்கடி காணும் காட்சியன்று. 1947 ஆகஸ்டு 15 ஆம் நாள் காமராசர் தம் தலைவரின் இல்லத்திற்குச் சென்று அங்கே விடுதலைக் கொடியை ஏற்றினார். கொடியேறக் காணும் பேறு அவ்வில்லத்துத் தலைவர்க்கு வாய்க்கவில்லை.

1942 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பம்பாய்க் காங்கிரசில் வெள்ளையனே வெளியேறு என்னும் தீர்மானம் நிறைவேறியது. அதிற் கலந்துகொண்டு திரும்பிய சத்தியமூர்த்தி சிறைப்பட்டார். நெடுந்தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே உடல் மிக நலிந்தார். சென்னைக்குக் கொணர்ந்தபின்னும் நோய் தணியவில்லை. 1943 மார்ச்சுத் திங்கள் 28 ஆம் நாள் பொது மருத்துவமனையில் உயிர் நீத்தார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தைந்து. அவரைச் சிறையிலிட்டதும், அவர் கேட்ட அணையைக் கட்டிக் கொண்டிருந்ததும் ஒரே அரசுதான். அவர் மூச்சு நின்ற நாளில் பூண்டியில் கரை எழும்பிக் கொண்டிருந்தது. 1944 ஆம் ஆண்டிற் பணி முற்றியது. நீர் தேங்குவதை அவர் கண்ணாற் காணவில்லை.

பின்னாளில் அந்நீர்த்தேக்கத்திற்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயரிட்டனர். சாகர் என்னும் வடசொல் கடலைக் குறிப்பது; ஏரி என்னும் தமிழ்ச்சொல்லே அமைந்திருப்பின் இன்னும் அழகாக இருந்திருக்கும். அதனினும் வருந்தத்தக்கது, அப்பெயர் பலகையில் நின்றதேயன்றி மக்கள் நாவில் நிற்கவில்லை என்பது. நாள்தோறும் செய்தித்தாள்களில் ஏரிகளின் நீர்மட்டம் வெளியாகின்றது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று வரிசையாக எண்ணிச் செல்வர். பூண்டியில் இன்று இத்தனை கன அடி என்று படிப்போருள், அதனைப் பேசிப் பெற்றவர் யார் என்று அறிந்தவர் எத்துணையர்?

இன்று நகரம் அந்நாளையினும் பன்மடங்கு பெருகி விட்டது. பூண்டி ஏரியின் கரையையும் பின்னர் உயர்த்தினர். அதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அதுவும் போதாமல், 2004 ஆம் ஆண்டு முதல் வீராணத்திலிருந்து குழாய் வழியே நீர் வருகின்றது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் எழுந்துள்ளன. அவ்வாறிருந்தும் 2019 ஆம் ஆண்டில் ஏரிகள் வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொணர நேர்ந்தது.

நகரின் தாகத்தைத் தணிக்க வேற்று மாநிலத்து ஆற்றையும் நாட வேண்டியதாயிற்று. கிருட்டிணை ஆற்று நீரைச் சென்னைக்கு ஈயும் உடன்பாடு ஆந்திரம், கருநாடகம், மராட்டியம் ஆகிய மாநிலங்களோடு 1976 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. அங்கும் படை எதுவும் செல்லவில்லை; அரசினர் கூடிப் பேசியே பெற்றனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1996 இல், கண்டலேற்றிலிருந்து நெடுங்கால்வாய் வழியே அந்நீர் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து வந்தபோது, அதனை ஏற்றுக்கொள்ள ஒரு நீர்நிலை ஆயத்தமாக இருந்தது. அது பூண்டி ஏரி.